டிரான்ஸ் என்று தொடங்கினாலே 'மாற்றுதல்' தானா?

சாயல்குடி_படிப்பாளி

எல்லோருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலப் பகுதிக்காக வாங்கிய ஒரு கையேட்டில் டிரான்ஸ் என்று தொடங்கும் சொற்களையெல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கி எதிரே தமிழ்ப் பொருள் போட்டிருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபர் மாற்றுதல், டிரான்ஸ்ஃபார்ம் மாற்றுதல், டிரான்சிஷன் மாற்றம், டிரான்ஸ்போஸ் இடம் மாற்றுதல், டிரான்ஸ்லேட் மொழி மாற்றுதல். டிரான்ஸ்போர்ட், டிரான்ஸ்மிட் இரண்டுக்கும் 'கடத்துதல்'. இதை மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் கோடிட்ட இடத்தில் நான் எதைத்தான் எழுதுவது? நாலு விடையும் டிரான்ஸ் என்றுதான் தொடங்கும், நாலுக்கும் எனக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான்.

டிரான்ஸ் என்றால் லத்தீனில் 'குறுக்கே' என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் டிரான்ஸ்பரன்ட் என்பதில் எது எதற்குக் குறுக்கே போகிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பட்டியல் வேண்டாம், அது கையில் ஏற்கெனவே இருக்கிறது.

பாம்பன்_என்ஜின்

தங்கச்சி, எதற்கும் நம்ம கடற்கரைப் பக்கம் 'கடத்துதல்' என்று மட்டும் நோட்டில் எழுதி வைக்காதே. கடல் அட்டை கடத்தல் கேஸ் என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

தொண்டி_வாத்தியார்

பாம்பன் தம்பி விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதில்தான் இருக்கிறது. அறிவியல் பாடத்தில் தாவரங்களில் கடத்துதல் என்று படித்திருப்பாய், அது டிரான்ஸ்போர்ட். செய்தித்தாளில் வருகிற கடத்தல் வேறு. தமிழில் ஒரே சொல் பல வேலை பார்ப்பதைப் போல அந்த முன்னொட்டும் பல வேலை பார்க்கிறது.

டிரான்ஸ் என்பதற்குக் 'குறுக்கே' என்பதைவிட 'அக்கரைக்கு' என்று வைத்துக்கொள் அம்மா. நாம் நிற்கிற இடம் இக்கரை, அங்கே தெரிவது அக்கரை. ரோமில் உட்கார்ந்திருந்தவனுக்கு நடுவில் கிடந்தது ஆல்ப்ஸ் மலை. மலைக்கு இந்தப் பக்கம் இருந்த 'கால்' என்ற பழைய நாட்டுப் பகுதியைச் சிஸ்-ஆல்பைன் என்றான், அந்தப் பக்கம் இருந்ததை டிரான்ஸ்-ஆல்பைன் என்றான். டிரான்சில்வேனியா என்ற ஊர்ப்பெயருக்கும் 'காட்டுக்கு அப்பால்' என்றுதான் பொருள், சில்வா என்றால் லத்தீனில் காடு. இந்த 'அக்கரைக்கு' என்பதிலிருந்தே 'ஊடாக' என்றும் 'அப்பால்' என்றும் பொருள் விரிந்தது. நீ கேட்ட டிரான்ஸ்பரன்ட் அந்த 'ஊடாக' வகை. பின்னால் இருப்பது பரேரே, தோன்றுதல். ஒரு பொருளின் ஊடாகப் பார்த்தால் அந்தப் பக்கம் இருப்பது தோன்றுகிறது, கண்ணாடி மாதிரி. டிரான்ஸ்லூசன்ட் என்றால் பின்னால் இருப்பது லூசேரே, ஒளிர்தல். வெளிச்சம் மட்டும் இந்தப் பக்கம் வரும், ஆள் யார் என்று தெரியாது. குளியலறை ஜன்னலுக்குப் போடுகிற சொரசொரப்புக் கண்ணாடி அதுதான். பள்ளியில் 'ஒளி கசியும் பொருள்' என்று படித்திருப்பாய், எவ்வளவு அழகான சொல்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முன்னொட்டு வழியை மட்டும்தான் சொல்லும். அந்த வழியில் என்ன நடக்கிறது என்பதைப் பின்னால் வருகிற வினைச்சொல்தான் சொல்லும். கையேடு எழுதியவர் முன்பாதியை மட்டும் பார்த்து எழுதிவிட்டார்.

போர்ட்டாரே என்றால் சுமத்தல். ரயில் நிலையத்துப் போர்ட்டர் அந்த வீட்டுப் பிள்ளைதான். மிட்டேரே என்றால் அனுப்புதல். ஃபெர்ரே என்றால் கொண்டுபோதல். ஈரே என்றால் போதல், அதிலிருந்து வந்தது டிரான்சிட். இந்த நாலையும் பிரித்துப் பார். மண்டபத்தில் மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்கிக் கேரளாவுக்கு லாரியில் ஏற்றினால் அது டிரான்ஸ்போர்ட். சுமக்க ஒரு வண்டி வேண்டும், வண்டியும் சரக்கோடு கூடவே போகும். வானிலை நிலையத்தில் இருந்து புயல் எச்சரிக்கை கடலில் இருக்கிற படகுக்குப் போனால் டிரான்ஸ்மிட். அனுப்பியவர் இடத்தை விட்டு அசையவில்லை, செய்தி மட்டும் போகிறது. அந்த மீன் இன்னும் வழியில், எங்கோ சாலையில் இருக்கிறது என்றால் அது இன் டிரான்சிட். அங்கே அனுப்பியவரும் சுமந்தவரும் பேச்சில்லை, போகிற நிலை மட்டும்தான். டிரான்ஸ்ஃபரில் கை மாறும், அல்லது பொறுப்பு மாறும். பட்டா டிரான்ஸ்ஃபர் ஆகும்போது நிலம் அங்குலம்கூட நகர்வதில்லையே. பெயர்தான் மாறுகிறது.

சாயல்குடி_படிப்பாளி

ஐயா, ரொம்ப நன்றி. பட்டா உதாரணம் மனதில் நின்றுவிட்டது. அப்படியானால் டிரான்ஸ்லேட் எந்த வினை? லேட் என்றால் என்ன?

தொண்டி_வாத்தியார்

அது ஒரு வேடிக்கை. டிரான்ஸ்ஃபரும் டிரான்ஸ்லேட்டும் ஒரே வினையின் இரண்டு வடிவம். ஃபெர்ரே என்ற அந்த லத்தீன் வினை நம் 'வா' மாதிரி ஒழுங்கில்லாதது. வா, வந்தான், வருவான் என்று உரு மாறுகிறதல்லவா, அது இன்னும் மோசமாக, அடையாளமே தெரியாமல் மாறும். இறந்தகால எச்ச வடிவம் லாட்டுஸ். டிரான்ஸ்ஃபெர்ரேவுக்கு டிரான்ஸ்லாட்டுஸ். ஆங்கிலக்காரன் முதல் வடிவத்தை எடுத்து அலுவலகத்துக்குக் கொடுத்தான், இரண்டாவதை எடுத்து மொழிக்குக் கொடுத்தான்.

இன்னொன்று கவனி. நாமும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறோம். பெயர்தல் என்றால் இடம் விட்டு நகர்தல். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி, இடம்பெயர்தல், அப்புறம் மொழிபெயர்ப்பு. தொல்காப்பியத்திலேயே 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்று வந்துவிடுகிறது. அகநானூற்றில் மாமூலனார் 'வேங்கடத்து உம்பர் மொழிபெயர் தேஎத்தர்' என்கிறார். வேங்கட மலைக்கு அப்பால் பேச்சு மாறிப்போகிற நாட்டில் இருப்பவர். அந்த 'உம்பர்' இருக்கிறதே, அதுதான் அவர் ஊர் டிரான்ஸ். ரோமானியனுக்கு ஆல்ப்ஸ், இவருக்கு வேங்கடம்.

ஜோதிடத்தில் பெயர்ச்சியை ஆங்கிலத்தில் டிரான்சிட் என்றே சொல்வார்கள். 2004-லும் 2012-லும் ஜூன் மாதத்தில் வெள்ளிக் கோள் சூரிய வட்டத்துக்குக் குறுக்கே புள்ளியாக நகர்ந்ததற்கும் வானியலில் டிரான்சிட் என்றே பெயர்.

துபாய்_தேவிபட்டினம்

ஐயா சொல்வதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தேர்வுக்கு எந்த அளவுக்கு உதவும் என்று எனக்குச் சந்தேகம். வேர்ச்சொல் தெரிந்தால் பொருள் தெரியும் என்பது பாதி உண்மை. டிரான்ஸ்பயர் என்று ஒரு சொல் இருக்கிறது. டிரான்ஸ் என்றால் ஊடாக, ஸ்பிராரே என்றால் மூச்சு விடுதல். சரி, இதை வைத்துக்கொண்டு 'இட் டிரான்ஸ்பயர்ட் தட்' என்ற வாக்கியத்துக்குப் பொருள் சொல்லுங்கள் பார்க்கலாம். 'தெரியவந்தது' என்று பொருள். மூச்சில் இருந்து எப்படித் தெரியவருவதற்குப் போவது? சொல்லை வாக்கியத்தில் பார்த்துப் பழகுவதுதான் வழி. நான் இங்கே விமான நிலையத்தில் வேலை பார்க்கிறேன், லத்தீன் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் டிரான்சிட் பயணி யார், டிரான்ஸ்ஃபர் பயணி யார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதே விமானத்தில் வழியில் இறங்கி மறுபடி ஏறுபவர் டிரான்சிட். விமானம் மாறி ஏறுபவர் டிரான்ஸ்ஃபர். ஊர்க்காரர்கள் கொழும்பு வழியாக வரும்போது இந்த இரண்டு போர்டையும் பார்த்துவிட்டு நடுவில் நிற்பார்கள்.

தொண்டி_வாத்தியார்

பாய், நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயமே என் கட்சிக்குத்தான் சாட்சி. கை மாறினால் டிரான்ஸ்ஃபர், போய்க்கொண்டே இருந்தால் டிரான்சிட். லத்தீன் தெரியாமலே நீங்கள் அதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

டிரான்ஸ்பயருக்கும் வழி இருக்கிறது. செடி இலைகள் வழியாக நீராவியை வெளியே விடுவது டிரான்ஸ்பிரேஷன், பாடத்தில் நீராவிப்போக்கு. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து வெளியே வருகிறது. ரகசியமும் அப்படித்தான் வெளியே வரும். நாமும் 'விஷயம் கசிந்துவிட்டது' என்கிறோமே. அதிலிருந்துதான் 'தெரியவந்தது'. பிறகு சும்மா 'நடந்தது' என்ற பொருளிலும் எழுத ஆரம்பித்தார்கள். இலக்கணம் பார்ப்பவர்கள் அதை நீண்டகாலம் திட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது அகராதியிலேயே ஏறிவிட்டது.

துபாய்_தேவிபட்டினம்

பொருள் தெரிந்த பிறகு வழி கண்டுபிடிப்பது சுலபம் ஐயா. வழியை மட்டும் வைத்துக்கொண்டு பொருளைக் கண்டுபிடிக்க முடியாது, நான் சொல்வது அவ்வளவுதான்.

மண்டபம்_சிஸ்டர்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். மருத்துவமனையில் எங்களுக்கு அந்த வினைப்பாதி ரொம்ப உதவும். டிரான்ஸ்ஃபியூஷன் என்றால் ஃபுண்டேரே, ஊற்றுதல். ரத்தம் ஏற்றுவது. திரவம் என்பதால்தான் அந்தச் சொல். சிறுநீரகத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது, அதை ஊற்ற முடியாதே. அது டிரான்ஸ்பிளான்ட், பிடுங்கி நடுவது. விவசாயத்தில் நாற்று நடுவதற்கும் அதே சொல். (நம்ம மாவட்டத்தில் மழையை நம்பி நேரடி விதைப்புதான் அதிகம், நாற்று நடவைப் பார்க்கவே வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டும், அது வேறு கதை.) மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி எடுத்துச் செயற்கைத் தளத்தில் பொருத்தி வளர்க்கிறார்கள், கடற்புல்லையும் அப்படி நடுகிறார்கள். அதற்கும் டிரான்ஸ்பிளான்டேஷன் என்றே பெயர்.

டிரான்ஸ்மிட் பற்றி ஒன்று. மலேரியாவை அனாபிலிஸ் கொசு டிரான்ஸ்மிட் செய்கிறது என்போம், டிரான்ஸ்போர்ட் செய்கிறது என்று சொல்ல மாட்டோம். ஐயா சொன்ன 'கூடவே போகும்' விதி இங்கே கொஞ்சம் இடிக்கும், ஏனென்றால் கொசுவும் கூடத்தான் பறந்து போகிறது. நோய், செய்தி, மின்சாரம், பரம்பரைக் குணம் இதெல்லாம் டிரான்ஸ்மிட் என்று வைத்துக்கொள். மூட்டை கட்டித் தூக்க முடிகிறதெல்லாம் டிரான்ஸ்போர்ட். எனக்குத் தெரிந்து இது தவறியதில்லை.

அப்புறம் டிரான்சியன்ட். ஈரே என்ற அதே 'போதல்' தான். வந்த வேகத்தில் போய்விடுவது. டிஐஏ என்று சொல்கிற பக்கவாத அறிகுறியில் முதல் எழுத்து இந்த டிரான்சியன்ட். வாய் கோணும், கை மரத்துப்போகும், சில நிமிடங்களில் சரியாகிவிடும். சரியாகிவிட்டதே என்று யாரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள், பின்னால் பெரிய பக்கவாதம் வருவதற்கு அது முன்னறிவிப்பு. உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிட்டேன்.

பாம்பன்_என்ஜின்

சிஸ்டர் ஆஸ்பத்திரியைச் சொன்னார், நான் படகைச் சொல்கிறேன். ஒரு விசைப்படகில் எத்தனை டிரான்ஸ் இருக்கிறது தெரியுமா? என்ஜினுக்குப் பின்னால் கியர் பெட்டி, அது டிரான்ஸ்மிஷன். என்ஜினின் சுழற்சியைப் புரொப்பெல்லர் தண்டுக்கு அனுப்புகிறது. பைபர் வல்லத்தில் பின்பக்கம் வெளிமோட்டார் மாட்டுகிற பலகையை டிரான்சம் என்போம். பலகை லேசாக ஊறிப்போனாலே மோட்டார் ஆட ஆரம்பிக்கும். விரலால் தட்டிப் பார்த்தால் கிண்ணென்று கேட்க வேண்டும். பொத்து பொத்தென்று கேட்டால் அந்தப் பலகைக்கு மேல் ஒரு குதிரைசக்தி கூட ஏற்றக்கூடாது.

அதைவிட நல்லது டிரான்ஸ்டியூசர். மீன் பார்க்கிற எக்கோ சவுண்டர் இருக்கிறதே, திரை மேலே இருக்கும், அதன் காது கீழே படகின் அடியில் தண்ணீருக்குள் இருக்கும். கைப்பிடிக்குள் அடங்குகிற கருப்புக் கட்டி. மேலே இருந்து வருகிற மின்துடிப்பை வாங்கி ஒலியாக்கிக் கீழே அடிக்கும். ஒலி தரையில் பட்டுத் திரும்பி வந்ததும் மறுபடி மின்துடிப்பாக்கி மேலே அனுப்பும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். நம்ம பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, 10 மீட்டர் என்று வைத்தால் போக 10 வர 10, மொத்தம் 20 மீட்டர். ஒரு நொடியை 75 துண்டு போட்டால் அதில் ஒரு துண்டு நேரத்தில் பதில் வந்துவிடும். அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டிவிட்டால் திரையில் வெறும் பனிமூட்டம்தான் தெரியும். மிஷின் போச்சு என்று புதிது வாங்கியவர்கள் உண்டு. கட்டியைச் சுரண்டிவிட்டால் போதும்.

டியூசர் என்றால் என்ன என்று ஐயாதான் சொல்ல வேண்டும்.

தொண்டி_வாத்தியார்

டூகேரே, இட்டுச்செல்லுதல், நடத்திப்போதல். ஒரு வகை ஆற்றலை இன்னொரு வகைக்குள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது. தம்பி சொன்ன டிரான்சத்துக்கு டிரான்ஸ்ட்ரும் என்ற லத்தீன் சொல்லை மூலமாகக் காட்டுவார்கள், குறுக்கு விட்டம் என்று பொருள்.

கமுதி_லைன்மேன்

எங்கள் துறையையும் விட்டுவிடாதீர்கள். டிரான்ஸ்மிஷன் வேறு, டிஸ்ட்ரிபியூஷன் வேறு. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. அங்கே விளைகிற மின்சாரத்தைப் பெரிய கோபுரங்கள் வழியாக உயர் அழுத்தத்தில் தூரத்துக்கு அனுப்புவது டிரான்ஸ்மிஷன். தெருக்கோடிக்கு வந்து வீடுவீடாகப் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூஷன்.

தெருவில் நிற்கிற டிரான்ஸ்ஃபார்மர் என்ன செய்கிறது என்று கேட்டால் பலர் மின்சாரத்தை மாற்றுகிறது என்பார்கள். 11 ஆயிரம் அல்லது 22 ஆயிரம் வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாக இறக்குகிறது. அழுத்தம் குறையும், ஓட்டம் கூடும், அதிர்வெண் அதே 50 தான். உள்ளே போனதும் மின்சாரம், வெளியே வந்ததும் மின்சாரம், உருவம்தான் வேறு. அந்த ஃபார்ம் என்பது உருவம் தானே ஐயா?

தொண்டி_வாத்தியார்

அதேதான். ஃபோர்மா, வடிவம். ஆகவே டிரான்ஸ்ஃபார்முக்கு 'உருமாற்றுதல்' என்று எழுது. இடம் மாற வேண்டிய அவசியமில்லை. பொருள் நின்ற இடத்திலேயே நிற்கலாம், அதன் உருவம் அக்கரைக்குப் போய்விட்டது. டிரான்ஸ்ஃபருக்கு நேர் எதிர், அங்கே உருவம் மாறாது.

கீழக்கரை_லாத்தா

நான் கொஞ்சம் தாமதமாக வருகிறேன். எழுத்து சம்பந்தமான மூன்றை யாரும் தொடவில்லை. டிரான்ஸ்லேட், டிரான்ஸ்லிட்டரேட், டிரான்ஸ்க்ரைப். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பாத ஆளை நான் பார்த்ததே குறைவு.

எங்கள் ஊரில் பழைய வீடுகளில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருக்கும். பார்ப்பவர்கள் அரபி என்று நினைப்பார்கள். எழுத்து அரபி, வாசித்தால் தமிழ். தமிழில் இருக்கிற ங, ஞ, ள, ழ மாதிரி ஒலிகளுக்கு அரபியில் எழுத்து இல்லாததால் இருக்கிற எழுத்தில் புள்ளி, குறி சேர்த்துப் புது எழுத்துகள் உண்டாக்கினார்கள். 1898-ல் மறைந்த எங்கள் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அந்த எழுத்தில் நிறைய எழுதியவர். என் பாட்டிமார் தலைமுறைப் பெண்களில் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாமல் அரபுத்தமிழ் மட்டும் சரளமாக வாசித்தவர்கள் இருந்தார்கள்.

அந்தக் கிதாபை எடுத்து ஒவ்வொரு எழுத்துக்கும் நேரான தமிழ் எழுத்தைப் போட்டால் டிரான்ஸ்லிட்டரேட். லிட்டரா என்றால் எழுத்து. சொல்லும் பொருளும் அப்படியே இருக்கும், எழுத்து மட்டும் மாறும். அதையே ஆங்கிலத்தில் பொருள் வருகிற மாதிரி எழுதினால் டிரான்ஸ்லேட். ஒரு பெரிய மனுஷி அதை ராகத்தோடு ஓதுவதைப் போனில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு எழுதினால் டிரான்ஸ்க்ரைப், ஸ்க்ரீபேரே என்றால் எழுதுதல். போனில் 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறோமே, நாம் எல்லோரும் தினமும் டிரான்ஸ்லிட்டரேட் செய்துகொண்டுதான் இருக்கிறோம். அதையே டிரான்ஸ்லேட் என்று சொன்னால் தவறு.

ஏர்வாடி_தம்பி

லாத்தா, அருமை. எனக்கு ஒரு சந்தேகம். டிரெயின், டிராக்டர், டிராலர், டிராவல், டிரேட் எல்லாமே ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்குப் போவதுதானே? அவையும் டிரான்ஸ் குடும்பமா?

தொண்டி_வாத்தியார்

இல்லை. ஒலி ஒற்றுமையில் ஏமாறாதே. டிரெயினும் டிராக்டரும் டிராகேரே என்ற வேறு வினை, இழுத்தல். டிராலர் வலையை இழுப்பதால் வந்த பெயர், அதுவும் இந்தக் குடும்பமில்லை. டிராவல் வந்த கதை கொடுமையானது. மூன்று கழி நட்டுக் கட்டி வதைக்கிற டிரிபாலியும் என்ற கருவியின் பெயரிலிருந்து 'பாடுபடுதல்' என்று பிரெஞ்சில் வந்து, அங்கிருந்து ஆங்கிலத்தில் பயணம் ஆனது. அந்தக் காலத்துப் பயணம் அப்படி. டிரேட் லத்தீனே இல்லை, ஜெர்மானியக் குடும்பம், தடம் என்ற பொருளில் தொடங்கியது.

எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் வேறு. டிரடிஷன் இந்தக் குடும்பம்தான். இங்கே டிரான்ஸ் தேய்ந்து டிரா ஆகிவிட்டது, பின்னால் டாரே, கொடுத்தல். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது மரபு. டிரெய்ட்டர் என்றால் துரோகி, அவனும் இதே வேர்தான். அவன் ஒப்படைப்பது எதிரியிடம். டிராவர்ஸ், டிராஜெக்டரி இரண்டும் தேய்ந்த டிரா வகை. ரயில் பாதை ஓரத்தில் அத்துமீறி நுழைபவர் தண்டிக்கப்படுவர் என்று போர்டு வைத்திருப்பார்களே, அந்த டிரெஸ்பாஸும் டிரான்ஸ்தான், பிரெஞ்சு வழியாக வந்ததால் டிரெஸ் ஆனது. டிரான்ஸ்க்ரெஸ் அதற்கு நெருங்கிய சொந்தம், கிராடி என்றால் அடி வைத்தல். டிரெஸ்பாஸ் இடத்துக்கு, டிரான்ஸ்க்ரெஸ் பெரும்பாலும் சட்டம், நெறி, எல்லை இவற்றுக்கு. புவியியலில் கடல் நிலத்தின்மேல் ஏறி வருவதை மரைன் டிரான்ஸ்க்ரெஷன் என்பார்கள், பின்வாங்குவது ரிக்ரெஷன். ராமேசுவரம் தீவில் பழைய பவளப்பாறை இப்போது தண்ணீருக்கு மேலே நிற்கிறதே, கடல்மட்டம் ஒரு காலத்தில் உயரத்தில் இருந்ததற்கு அதைத்தான் சான்றாகக் காட்டுவார்கள்.

பரமக்குடி_கெமிஸ்ட்ரி

எண்ணெய் டின்னில் போட்டிருக்கிற டிரான்ஸ் கொழுப்பும் இதேதான். மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புக்கு ஒரே பக்கம் இரண்டு தொகுதியும் இருந்தால் சிஸ், எதிர் எதிர்ப் பக்கம் இருந்தால் டிரான்ஸ். ஐயா சொன்ன ஆல்ப்ஸ் மலையின் இரண்டு பக்கமும் அப்படியே வேதியியலுக்கு வந்துவிட்டது. 2022 ஜனவரியில் இருந்து எண்ணெய், கொழுப்புகளில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி. டிரான்ஸ்ஜென்டர், சிஸ்ஜென்டர் என்ற சொற்களிலும் அதே ஜோடிதான்.

துபாய்_தேவிபட்டினம்

என் பழைய கட்சிக்கே வருகிறேன். டிரான்சிஸ்டர் என்ன வினை ஐயா? சிஸ்டர் என்றால் லத்தீனில் என்ன?

பாம்பன்_என்ஜின்

சிஸ்டர் மண்டபத்தில் இருக்கிறார்.

தொண்டி_வாத்தியார்

பாய் சரியான இடத்தில் பிடித்தார். டிரான்சிஸ்டர் லத்தீன் வழியாக வளர்ந்த சொல் இல்லை. 1947-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கருவியைச் செய்தார்கள், அடுத்த ஆண்டு ஜான் பியர்ஸ் என்ற பொறியாளர் பெயர் வைத்தார். ஒரு சொல்லின் தலையையும் இன்னொரு சொல்லின் வாலையும் ஒட்டியது. டிரான்ஸ் தலை, ரெசிஸ்டர் வால். டிரான்ஸ்மிட்டரும் ரெஸ்பாண்டரும் சேர்ந்தது டிரான்ஸ்பாண்டர். டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் சேர்ந்தது டிரான்ஸீவர். இந்த ஒட்டுச் சொற்களில் பின்பாதியை லத்தீனில் தேடக்கூடாது. எந்தச் சொல்லை வெட்டி ஒட்டினார்கள் என்று பார்க்க வேண்டும்.

பாம்பன்_என்ஜின்

டிரான்ஸ்பாண்டர் நமக்கு இப்போது தினசரிச் சொல். இஸ்ரோ செய்தது, நாடு முழுவதும் 1 லட்சம் படகுகளுக்கு என்று 2024-ல் திட்டம் தொடங்கினார்கள். செல்போன் டவர் எட்டாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகப் படகில் இருந்து செய்தி போகும், கரையில் இருந்தும் வரும். புயல் எச்சரிக்கை வரும், எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் போனால் சொல்லும். அதுதான் பதில் சொல்கிற பாகம் போல. டிரான்சிஸ்டர் என்றால் எங்கள் அப்பாவுக்கு ரேடியோதான், உள்ளே இருக்கிற சின்ன மூன்றுகால் பொருள் இல்லை. வல்லத்தில் உப்புத்தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்து இலங்கை வானொலி கேட்பார்கள். சென்னையைவிடக் கொழும்புதான் இங்கே தெளிவாக எடுக்கும்.

மண்டபம்_சிஸ்டர்

டிரான்சிட் பற்றி எங்கள் ஊர்க்காரியாக ஒன்று சேர்க்கிறேன். மண்டபம் கேம்ப் என்று இன்றும் சொல்கிற இடம் முதலில் அந்தப் பொருளில்தான் உண்டானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற தொழிலாளர்களை அக்கரைக்கு விடுவதற்கு முன் சில நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதற்காக அன்றைய சிலோன் அரசாங்கம் நடத்திய முகாம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. போட் மெயில் என்பது அதுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. முகாம் இருந்த இடத்துக்குப் பிறகு அக்கரையில் இருந்து அகதிகள் வந்தார்கள். டிரான்சிட் என்று பெயர் வைத்த இடத்தில் பல குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள்.

சாயல்குடி_படிப்பாளி

எல்லோருக்கும் நன்றி. நானே சில வாக்கியம் போட்டுப் பார்த்தேன், சரியா பாருங்கள். தாசில்தாரை மதுரைக்கு அனுப்பினால் டிரான்ஸ்ஃபர், டிரான்ஸ்போர்ட் இல்லை. புதிய பாம்பன் பாலத்துக்கு இரும்புத் துண்டுகளைக் கொண்டு வந்தது டிரான்ஸ்போர்ட். 2025-ல் பாலம் திறந்த விழாவை டிவியில் காட்டியது டிரான்ஸ்மிட். பழைய பாலத்தில் இருந்து புதியதற்கு ரயில்வே மாறியது டிரான்சிஷன். ஏலத்தில் மீன் வாங்கிக் காசு கொடுத்தது டிரான்ஸாக்ஷன். கடைசி ஒன்று எனக்கே உறுதியாக இல்லை.

தொண்டி_வாத்தியார்

ஐந்தும் சரி. டிரான்ஸாக்ஷனில் பின்பாதி ஆகேரே, நடத்துதல். ஒரு காரியத்தை இக்கரையில் தொடங்கி அக்கரை வரை நடத்தி முடிப்பது. கொடுக்கல் வாங்கல் முடிந்தால்தான் அது டிரான்ஸாக்ஷன். பணம் ஒரு கணக்கில் இருந்து இன்னொன்றுக்குப் போவது மட்டும் டிரான்ஸ்ஃபர்.

துபாய்_தேவிபட்டினம்

காசு கழிந்துவிட்டது, டிரான்ஸாக்ஷன் ஃபெயில்டு என்று செய்தி வரும்போது எந்தக் கரையில் நிற்கிறோம் ஐயா?

பாம்பன்_என்ஜின்

அரிச்சல்முனையில், தனுஷ்கோடியின் கடைசி முனையில்.

சாயல்குடி_படிப்பாளி

கடைசியாக ஒரே ஒரு கேள்வி. கொழும்புத் துறைமுகம் பற்றிய பத்தியில் டிரான்ஷிப்மென்ட் என்று வருகிறது. ஒரு புத்தகத்தில் ஒரு எஸ் போட்டிருக்கிறார்கள், இன்னொன்றில் இரண்டு. எது சரி? பொருளும் டிரான்ஸ்போர்ட் மாதிரிதான் தெரிகிறது.

தொண்டி_வாத்தியார்

இரண்டு எழுத்தும் அகராதியில் உண்டு, ஒரு விடைத்தாளுக்குள் ஒன்றையே கடைப்பிடி. எஸ்ஸில் தொடங்குகிற சொல்லோடு டிரான்ஸ் சேரும்போது ஒரு எஸ் விழுந்துவிடுவது பழைய வழக்கம். ஸ்க்ரீபேரே சேர்ந்து டிரான்ஸ்க்ரைப், ஸ்பிராரே சேர்ந்து டிரான்ஸ்பயர், ஏறுதல் என்ற ஸ்கான்டேரே சேர்ந்து டிரான்ஸென்ட், எதிலும் இரட்டை எஸ் கிடையாது. ஷிப் லத்தீன் இல்லை என்பதால் சிலர் இரண்டையும் விட்டு வைக்கிறார்கள். பொருள் டிரான்ஸ்போர்ட் இல்லை. சரக்கு ஒரு கப்பலில் இருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறுவது. இந்தியாவுக்கு வருகிற கன்டெய்னர்களில் நிறைய கொழும்பில் பெரிய கப்பலில் இருந்து சின்னக் கப்பலுக்கு மாறித்தான் வருகின்றன. அந்த வேலையை இங்கேயே செய்யத்தான் 2025 மே மாதம் விழிஞ்ஞம் துறைமுகத்தைத் திறந்தார்கள். கேள்வியில் இரண்டு கப்பல் இருந்தால் அந்தச் சொல், ஒரே கப்பல் என்றால் டிரான்ஸ்போர்ட்.